ஆர்வி-8 விமானத்தில் பேட்டரி எங்கே: ஃபயர்வாலா, வாலா?

நண்பர் ஒருவர் அமெரிக்காவில் தன் வீட்டுக் கராஜில் நான்கு வருடமாக ஒரு விமானம் கட்டிக்கொண்டிருக்கிறார். வீட்டிலேயே கட்டுவதற்கான விமானக் கிட் விற்கும் வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-8. முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காரலாம். அலுமினிய உடம்பு, வாலில் ஒரு சின்னச் சக்கரம். இறக்கையும் உடலும் முடிந்து எஞ்சின் கட்டத்துக்கு வந்துவிட்டார். போன மாதம் போனில் கேட்டார்: "பேட்டரியை முன்னாடி வைக்கவா, பின்னாடி வைக்கவா? கேபிள் ஆர்டர் போடணும், சீக்கிரம் சொல்லுங்க."

சீக்கிரம் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது மின்சாரக் கேள்வி மாதிரி இருந்தாலும் உண்மையில் அது தராசுக் கேள்வி. கேபிள், கான்டாக்டர் (பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்த சுவிட்ச்), ஃபியூஸ் எல்லாம் பேட்டரி போகும் இடத்துக்குப் பின்னாலேயே போய்விடும். பேட்டரி எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்வது எஞ்சினும் ப்ரொப்பல்லரும்தான். அவரோ ப்ரொப்பல்லரை இன்னும் மாட்டவே இல்லை.

கார் பேட்டரியை எங்கே வைப்பது என்று நாம் யாரும் யோசித்ததில்லை. ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியில் பதினைந்து கிலோ எங்கே இருந்தால் என்ன? ஆர்வி-8-இன் வெற்று எடை கிட்டத்தட்ட 500 கிலோ. அதன் ஈர்ப்பு மையம், விமானக்காரர்கள் பாஷையில் சி.ஜி., எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று வேன்ஸ் சொல்லியிருக்கிறது: அளவெடுக்க வைத்துக்கொண்ட குறிப்புக் கோட்டிலிருந்து 78.7 அங்குலம் முதல் 86.82 அங்குலம் வரை. மொத்தமே 206 மில்லிமீட்டர். ஒரு சாண் அளவு. தனியாகப் பறக்கும் விமானியும், பின் இருக்கையில் நண்பரை ஏற்றி மூட்டை முடிச்சோடு கிளம்பும் விமானியும் அந்த ஒரு சாணுக்குள்ளேயே குடித்தனம் நடத்த வேண்டும்.

மையம் ரொம்ப முன்னால் இருந்தால் இறங்கும்போது மூக்கைத் தூக்க ஸ்டிக்கை, அதாவது விமானி கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கோலை, இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அது பெரும்பாலும் சிரமம்தான். ரொம்பப் பின்னால் போனால் சிரமம் அல்ல, ஆபத்து. ஸ்டிக் வெண்ணெய் மாதிரி இளகிவிடும், சுழலில் விழுந்தால் மீள்வது கடினமாகும். ஆர்வி-8-இல் பின் இருக்கைக்காரர் ஏறியதுமே ஸ்டிக் லேசாவது கைக்குத் தெரியும். பெட்ரோல் டாங்குகள் மையத்துக்குச் சற்று முன்னால் இருப்பதால், பெட்ரோல் தீரத் தீர மையம் இன்னும் கொஞ்சம் பின்னால் நகரும். கிளம்பும்போது சரியாக இருந்ததே என்று நிம்மதியாக இருக்க முடியாது; இறங்கும்போதும் சரியாக இருக்க வேண்டும்.

இதனால்தான் ஆர்வி-8-க்கு வேன்ஸ் இரண்டு இடம் தருகிறது. எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் நடுவில் இருக்கும் துருப்பிடிக்காத எஃகுத் தகடான ஃபயர்வாலில், எஞ்சின் பக்கம் வைக்கலாம். இல்லையென்றால் பின் இருக்கைக்கும் பின்னால், சாமான் அறைச் சுவரைத் தாண்டி, வால் கூம்பு தொடங்கும் இடத்தில் வைக்கலாம். 200 குதிரைசக்தி லைகாமிங் ஐஓ-360, அதாவது ஆங்கிள் வால்வ் ரகம், அதோடு கான்ஸ்டன்ட் ஸ்பீட், அதாவது இதழ்க் கோணத்தைத் தானே மாற்றிக்கொள்ளும், உலோக ப்ரொப்பல்லர் போட்டால் மூக்கு கனத்துவிடும். அப்போது பேட்டரி பின்னால். சின்ன எஞ்சின் அல்லது லேசான ப்ரொப்பல்லர் என்றால் முன்னால். அதே நிறுவனத்தின் நான்கு இருக்கை ஆர்வி-10-இல் இந்த யோசனைக்கே வேலை இல்லை: ஆறு சிலிண்டர் எஞ்சின் முன்னால் உட்கார்ந்திருப்பதால் பேட்டரி நேரே வால் கூம்புக்குப் போய்விடுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பேட்டரியாக வீட்டு விமானக்காரர்களுக்குப் பல வருடமாகப் பழக்கமான ஒடிசி பிசி680-ஐ எடுத்துக்கொள்கிறேன். மூடி அடைத்த ஏஜிஎம் ஈய பேட்டரி (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்த ரகம்), எடை 7 கிலோ. முன் இடத்துக்கும் பின் இடத்துக்கும் உள்ள தூரம் 2.7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 7-ஐ 2.7-ஆல் பெருக்கி 500-ஆல் வகுத்தால் 0.038. பேட்டரி ஒன்றை மட்டும் முன்னிருந்து பின்னால் மாற்றினால் வெற்று விமானத்தின் மையம் 38 மில்லிமீட்டர் பின்வாங்குகிறது. ஒரு சாணில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு!

இங்கேதான் லித்தியம் வந்து குட்டையைக் குழப்புகிறது. எர்த்எக்ஸ் மாதிரி நிறுவனங்கள் விற்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இரண்டு, இரண்டரைக் கிலோதான். பிசி680 இருந்த இடத்தில் அதை வைத்தால் நேராக ஐந்து கிலோ மிச்சம். ஐந்து கிலோவுக்காகக் கட்டுபவர்கள் எவ்வளவோ செய்கிறார்கள்: இருக்கைப் பஞ்சை மெலிதாக்குகிறார்கள், பெயின்டை ஒரு கோட்டோடு நிறுத்துகிறார்கள். நண்பரும் முதலில் லித்தியத்தைத்தான் பின்னால் வைப்பதாக இருந்தார். "லேசாவும் இருக்கும், மூக்கு கனமும் போயிடும்" என்றார்.

கேட்க நன்றாக இருக்கிறது. கணக்கு வேறு சொல்கிறது. ஈர்ப்பு மையத்திலிருந்து முன் இடம் சுமார் 0.95 மீட்டர் முன்னால், பின் இடம் சுமார் 1.75 மீட்டர் பின்னால். ஏஜிஎம் முன்னால் இருப்பதைச் சுழியாக வைத்துக்கொண்டால், முன்னால் லித்தியம் வைக்கும்போது மையம் கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் பின்னால் போகிறது. பின்னால் லித்தியம் வைத்தால் 20. பின்னால் ஏஜிஎம் வைத்தால் 38. மூக்கு கனத்த விமானத்துக்கு வாலில் எடை தேவைப்படுகிறது என்பதற்காகத்தானே பேட்டரியைப் பின்னால் அனுப்புகிறோம்? அங்கே போய் லேசான பேட்டரியை வைத்தால் போன காரியத்தில் பாதிதான் நடக்கும். கடைசியில் வாலில் ஈயக் கட்டி போட வேண்டி வந்தால் இன்னும் வேடிக்கை: ஈய பேட்டரியைத் தவிர்த்துவிட்டு, மின்சாரம் தராத வெறும் ஈயத்தைச் சுமந்துகொண்டு பறப்போம்.

அதனால் என் பார்வையில் இந்த நான்கில் ஒன்று முதலிலேயே கழிந்துவிடுகிறது. பின்னால் லித்தியம் என்பது விலை அதிகம், கேபிள் நீளம், பலன் அரைகுறை. மிச்சமிருக்கும் மூன்றும் மூன்று வேறு விமானங்களுக்கானவை.

முன் இடத்தின் வசதிகள்

ஃபயர்வாலில் வைப்பதன் முதல் அழகு, எல்லாம் பக்கத்திலேயே இருப்பது. பேட்டரி, மாஸ்டர் கான்டாக்டர், ஸ்டார்ட்டர் கான்டாக்டர் மூன்றும் ஒரு முழ இடைவெளிக்குள் அடங்கிவிடும். ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிள் ஃபயர்வாலைத் துளைத்துக்கொண்டு அறைக்குள் வர வேண்டியதே இல்லை. உள்ளே வருவது கருவிகளுக்கான சின்ன கேபிள் மட்டும். பராமரிப்பும் சுலபம்: எஞ்சின் மூடியான கௌலின் மேல்பாதியைக் கழற்றினால் பேட்டரி முகத்துக்கு நேரே நிற்கும். பேட்டரி இறங்கிப்போய், ஊர் பேர் தெரியாத ஏர்ஸ்ட்ரிப்பில் மாட்டிக்கொண்டால் இந்த வசதியின் அருமை புரியும். பின்னால் இருந்தால் அதே வேலைக்குச் சாமானை இறக்கி, அறைச் சுவர்ப் பலகையின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, தலைகீழாகக் கவிழ்ந்துகொண்டு டார்ச்சை வாயில் கவ்வ வேண்டியிருக்கும். பின்னால் வைப்பவர்கள் வெளியிலிருந்து சார்ஜ் ஏற்ற ஒரு பிளக் வைத்துவிடுவது நல்லது.

விபத்திலும் முன் இடத்துக்கு ஒரு சாதகம் உண்டு. பேட்டரி பிய்த்துக்கொண்டு பறந்தால் எஞ்சினை நோக்கித்தான் போகும். மனிதர்கள் அதற்குப் பின்னால் இருக்கிறார்கள்.

பாதகம், சூடு. கௌலுக்குள் பறக்கும்போது இருக்கும் சூடு ஒரு பக்கம். எஞ்சினை நிறுத்திய பிறகு வரும் சூடு அதைவிட மோசம். காற்றோட்டம் நின்றுவிடும், சிலிண்டர்களின் சூடு மட்டும் மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும். கோடையில் தார்த்தளத்தில் நிறுத்தி, சாப்பிட்டுவிட்டு வந்து கௌலின் எண்ணெய் மூடியைத் திறந்தால் அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடிக்கும். பேட்டரிக்கு குளிர்காற்று அடிக்க ஒரு குழாய் வைக்கிறோமே, பறக்கும்போதுதான் அது வேலை செய்யும். நிறுத்திவிட்ட விமானத்தில் அது வெறும் குழாய். ஈய பேட்டரிக்கு வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பழைய கணக்கு. பிசி680-இல் உலோக உறை போட்ட ரகம் ஒன்று இருப்பதும் இதற்காகத்தான். ஆனாலும் ஈய பேட்டரி சூட்டைச் சகித்துக்கொண்டு, ஆயுளைக் கொஞ்சம் இழந்துவிட்டு, சத்தமில்லாமல் வேலை செய்யும். லித்தியத்திடம் அந்தப் பொறுமை இல்லை. எர்த்எக்ஸ் தன் பேட்டரிகளுக்கு 60 டிகிரி செல்சியஸ் வரை என்று எல்லை வைத்திருக்கிறது. முன்னால் லித்தியம் வைப்பவர் அந்த எல்லையை நம்பிக்கையாகக் கடைப்பிடிக்க, பேட்டரி மேல் ஒரு வெப்பப் பட்டையாவது ஒட்டிச் சில வாரம் பறந்து பார்க்க வேண்டும். சூடு படும்போது நிறம் மாறி அப்படியே நின்றுவிடும் பட்டை, விலை சொற்பம்.

பின் இடத்தின் விலை

பின்னால் போனால் குளிர்ச்சி, அமைதி. அதற்கு விலையாகக் கேபிளைக் கொடுக்க வேண்டும். வளைவு நெளிவோடு ஏறக்குறைய நான்கு மீட்டர் தடித்த கேபிள் வேண்டும். 2 கேஜ் செம்புக் கேபிளின் குறுக்குவெட்டு 33 சதுர மில்லிமீட்டர் சொச்சம். மீட்டருக்குச் செம்பு மட்டுமே 300 கிராம், உறையோடு நான்கு மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கும்போது அந்தக் கேபிளில் 0.4 வோல்ட் இறங்கும். எடையைக் குறைக்க 4 கேஜ் (கேஜ் எண் கூடினால் கம்பி மெலிது) போட்டால் 0.65 வோல்ட். சும்மா பார்க்க சின்ன வித்தியாசம். குளிர்காலக் காலையில் எண்ணெய் தேன் மாதிரி கெட்டியாகி, பேட்டரியே பத்தரை வோல்ட்டில் மூச்சு வாங்கும்போது அந்தக் கால் வோல்ட் ப்ரொப்பல்லர் சுற்றுகிற வேகத்தில் தெரியும். பின்னால் வைப்பவர்கள் 2 கேஜ் போட்டுவிடுங்கள். மிச்சம் பிடிக்க வேறு இடம் இருக்கிறது.

அலுமினிய விமானத்தில் திரும்பும் பாதைக்கு உடலே கம்பி. கண்ணாடி இழையால் செய்த விமானத்தில் அந்தச் சலுகையும் கிடையாது. விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டனின் லாங்-ஈஸி 1979-இல் முதலில் பறந்தது. எஞ்சின் முதுகுக்குப் பின்னால், விமானி மூக்கில். ஆள் இறங்கியதும் பின்பக்கம் சாயாமல் இருக்க மூக்கைத் தரையில் ஊன்றிப் படுத்திருக்கும் விமானம் அது. முதலில் அதற்கு ஸ்டார்ட்டரே கிடையாது, கையால்தான் ப்ரொப்பல்லரைச் சுற்றினார்கள். பிறகு ஸ்டார்ட்டர் வைக்க ஆசைப்பட்டவர்களில் பலர் பேட்டரியை மூக்கில் கொண்டுபோய் வைத்தார்கள். எஞ்சின் கடைசியில், பேட்டரி முதலில். மின்சாரக்காரன் கண்ணுக்கு அது பைத்தியக்காரத்தனம்: போகவும் வரவுமாக இரண்டு தடித்த கேபிள், இரட்டிப்பு இழப்பு. தராசுக்காரன் கண்ணுக்கு அதுதான் இயல்பு. ஸ்டார்ட்டர் பின்னால் சேர்த்த எடையைப் பேட்டரி முன்னால் சரிக்கட்டுகிறது. ஆர்வி-8-இன் கேள்வியை அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி இருப்பதால்தான் அதை இங்கே சொல்கிறேன்.

பின்னால் வைக்கும்போது மாஸ்டர் கான்டாக்டரும் பேட்டரியோடு பின்னாலேயே போக வேண்டும். சிலர் வயரிங் வசதிக்காகக் கான்டாக்டரை ஃபயர்வாலில் வைத்துவிட்டுப் பேட்டரியை மட்டும் பின்னால் தள்ளுகிறார்கள். அப்படிச் செய்தால் விமானி அறை நெடுக ஓடும் நான்கு மீட்டர் கேபிள், சுவிட்ச் அணைத்த பிறகும் உயிரோடு இருக்கும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கக்கூடிய பேட்டரி, நடுவில் ஃபியூஸ் கிடையாது. பல்க்ஹெட் எனும் குறுக்குச் சுவர் ஒன்றின் துளை விளிம்பில் ரப்பர் வளையம் நழுவி, கேபிள் உறை தேய்ந்து, செம்பு அலுமினியத்தைத் தொட்டால் அதை அணைக்க விமானியிடம் சுவிட்ச் இல்லை. கான்டாக்டர் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சாண் கேபிளுக்குள் இருக்க வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்துக்கே இடமில்லை.

பின் இடத்தின் இன்னொரு விலை, பேட்டரிக்கு முன்னால் இரண்டு தலைகள் இருப்பது. வீட்டில் கட்டும் விமானத்தை எந்தத் தரச்சான்று விதியும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் 2017-இல் மாற்றி எழுதப்படுவதற்கு முன்பிருந்த, சிறு விமானங்களுக்கான அமெரிக்கப் பகுதி 23 விதிகள் நல்ல அளவுகோல். விபத்தில் பயணிகளைத் தாக்கக்கூடிய பொருள் முன்னோக்கி 18 ஜி (சொந்த எடையைப் போல் 18 மடங்கு), மேல்நோக்கி 3 ஜி, பக்கவாட்டில் 4.5 ஜி விசையில் பிடிவிடாமல் நிற்க வேண்டும் என்றன அவை. ஏழு கிலோ பேட்டரி 18 ஜியில் 126 கிலோ. நல்ல வாட்டசாட்டமான ஆள் ஒருவர் பேட்டரி உட்காரும் ட்ரேயில் முன்பக்கமாகத் தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன் இடத்தில் வைத்த பேட்டரிக்கு 9 ஜி, அதாவது 63 கிலோ, போதும் என்பேன்.

ட்ரே

ஒரு ஆர்வி விமானத்தின் வருடாந்திர சோதனையில் நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எந்த ஊர், யாருடையது என்பது வேண்டாம். ஃபயர்வாலில் பேட்டரி ட்ரே பார்க்கக் கச்சிதமாக இருந்தது. கையால் பேட்டரியைப் பிடித்து ஆட்டினேன், அசையவில்லை. பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தபோது ட்ரேயின் கீழ் மடிப்பில், மூலையில், தலைமுடி மாதிரி ஒரு கோடு. அழுக்கு என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். கோடு போகவில்லை. நகத்தால் தடவினேன், நகம் மாட்டியது. பக்கத்திலிருந்த ரிவெட்டைச் சுற்றி மை தடவிய மாதிரி கறுப்புப் பொடி. ரிவெட் தளர்ந்து, அலுமினியம் அலுமினியத்தோடு உரசி அரைத்த பொடி அது. இரும்புத் துருவுக்குச் சிவப்பு என்றால் அலுமினியத் தேய்மானத்துக்குக் கறுப்பு.

என்ன நடந்தது என்று யோசித்தால் புரிகிறது. ஆர்வியின் ஃபயர்வால் தகடு அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லை. அதன் வேலை தீயைத் தடுப்பது, சுமை தாங்குவது அல்ல. ட்ரேயை அந்தத் தகட்டில் மட்டும் மாட்டினால் எஞ்சின் அதிர்வில் தகடு முரசுத்தோல் மாதிரி அதிரும். அலமாரிப் பலகை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும் ட்ரேயின் அடிமடிப்பு வளைந்து வளைந்து ஒருநாள் விரிசல் விடும். தகட்டின் பின்னால் ஓடும் கோண வலுவூட்டிகளில் போல்ட் இறங்க வேண்டும். இல்லாத இடத்தில் ஒரு துண்டு கோணத்தைப் புதிதாக ரிவெட் அடித்துச் சேர்க்க வேண்டும்.

போல்ட்டைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள், அனாவசியமாக. மிகச் சின்ன விமான போல்ட்டான ஏஎன்3, பென்சிலைவிட மெலிது, தனியாகவே 900 கிலோவுக்கு மேல் தாங்கும். எட்டில் ஒரு அங்குல அலுமினிய ரிவெட் ஒன்று குறுக்குவெட்டில் 170 கிலோ தாங்கும். 126 கிலோவுக்கு இவை எதுவும் அறுந்துபோகாது. கிழிவது மெல்லிய தகடு. அல்லது பேட்டரியின் தலைக்கு மேல் ஓடும் பட்டை வளைந்து, பேட்டரி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஆர்வி-8 கரணம் அடிக்கும் விமானம். அதற்கு +6 ஜியும் −3 ஜியும் எல்லை. −3 ஜியில் பேட்டரி தலைகீழாக 21 கிலோவாகப் பட்டையை இழுக்கும், ஒன்றரை மடங்கு பாதுகாப்பு சேர்த்தால் 31 கிலோ. அந்தப் பட்டையைச் சிலர் பிளாஸ்டிக் நாடாவாலும் வெல்க்ரோவாலும் செய்கிறார்கள். ஒன்றும் சொல்வதற்கில்லை.

நம்பிக்கை வேண்டுமென்றால் இழுத்துப் பாருங்கள். பேட்டரி அளவுக்கு ஒரு மரக்கட்டையை அறுத்து, ட்ரேயில் வைத்துப் பட்டையை இறுக்கி, கட்டையின் நடு உயரத்தில் நாடாவைச் சுற்றி, லாரிக்காரர்கள் சரக்கு இறுக்கும் ராட்செட்டால் மெதுவாக இழுக்கலாம். நடுவில் தொங்குதராசு ஒன்று. எண் 126-ஐத் தொட்டதும் நிறுத்தி, சில விநாடி விட்டு, தளர்த்திவிட்டு மடிப்புகளையும் ரிவெட்டுகளையும் விரலால் தடவிப் பார்க்கலாம். முன் இடத்துக்கு 63 போதும். விமானத்தையே இழுத்து நகர்த்திவிடாமல் அதைக் கட்டிவைப்பதுதான் இதில் பெரிய வேலை.

லித்தியத்துக்கு ட்ரே விஷயத்தில் ஒரு நன்மை: இரண்டு கிலோ 18 ஜியில் வெறும் 36 கிலோ. ஆனால் அதற்கு ட்ரே மட்டும் போதாது. லித்தியம் என்றதும் எல்லோருக்கும் 2013 ஜனவரியில் போயிங் 787 விமானங்களில் பேட்டரி எரிந்தது நினைவுக்கு வரும். பாஸ்டனில் நின்றிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, சில நாளில் ஜப்பானிலேயே அவசரமாக இறங்கிய இன்னொன்று, அதோடு உலகம் முழுக்க 787-கள் தரையில் நின்றன. அவற்றில் இருந்தது கோபால்ட் ஆக்சைடு ரகம். வீட்டு விமானங்களுக்கு விற்கப்படும் இரும்பு பாஸ்பேட் அதைவிட எவ்வளவோ நிதானமானது. இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பயப்படுவது நியாயமில்லை. ஆனாலும் போயிங் கண்ட தீர்வு யோசிக்கத் தக்கது: பேட்டரியை எஃகுப் பெட்டியில் அடைத்து, புகை விமானத்துக்கு வெளியே போகக் குழாய் வைத்தார்கள். அறையோடு காற்று கலக்கும் எந்த இடத்தில் லித்தியம் வைத்தாலும் அந்தக் குழாய் வேண்டும். அப்புறம் ஆல்டர்நேட்டரின் ரெகுலேட்டர் பழுதாகி வோல்டேஜ் எகிறினால் உடனே அதைத் துண்டிக்கும் பாதுகாப்பு. பேட்டரியின் உள்ளே இருக்கும் காவல் சுற்று ஏதாவது குறை சொன்னால் விமானிக்குத் தெரிய ஒரு விளக்கு. இவை மூன்றுக்கும் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும். பேட்டரியே ஈயத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு.

லித்தியம் உண்மையிலேயே பொருந்தும் விமானம் எதுவென்றால், மையம் ஏற்கெனவே நடுவில் நன்றாக உட்கார்ந்திருக்கும், சூடு அடங்கிய முன் இடம் உள்ள விமானம். அங்கே ஐந்து கிலோ மிச்சம் முழுதாகக் கையில் நிற்கும். மூக்கு லேசான, அதாவது சின்ன எஞ்சினும் கலப்புப்பொருள் ப்ரொப்பல்லரும் போட்ட ஆர்வி-8-க்கு முன்னால் ஏஜிஎம் போதும். அங்கே ஏழு கிலோ பாரம் அல்ல, உதவி: பின்னால் நண்பரையும் சாமானையும் ஏற்றும்போது பின் எல்லையை எட்டவிடாமல் பிடித்துவைக்கிறது.

நண்பருடையது 200 குதிரைசக்தி எஞ்சின். ப்ரொப்பல்லரில்தான் தயக்கம்: உலோகம் என்றால் 25 கிலோ போல, கலப்புப்பொருள் என்றால் அதைவிட ஏழெட்டு கிலோ குறைவு, விலை அதிகம். கடைசியில் உலோகத்தையே வாங்கி மாட்டினார். மாட்டிய வாரம் மூன்று சக்கரத்துக்கும் மூன்று தராசு கடன் வாங்கி, வாலைத் தாங்கிக் கட்டையில் ஏற்றி, விமானத்தைப் பறக்கும் நிலைக்கு மட்டம் வைத்தார். பேட்டரி இன்னும் வாங்கவில்லை. பிசி680-க்குப் பதிலாக வீட்டிலிருந்து பத்துப் பவுண்டு பொன்னி அரிசிப் பையும் ஐந்து பவுண்டு துவரம்பருப்புப் பையும் வந்தன. சேர்த்தால் ஏறக்குறைய ஏழு கிலோ.

முதலில் இரண்டையும் ஃபயர்வாலோடு சேர்த்துக் கட்டி மூன்று எண்களையும் குறித்தோம். தனியாகப் பறந்தால் மையம் முன் எல்லைக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. அப்புறம் அவற்றை வால் கூம்பின் வாயில் ட்ரே வரவேண்டிய இடத்தில் வைத்தோம். வால் சக்கரத் தராசு நான்கு கிலோ கூடுதலாகக் காட்டியது. பின் இருக்கையில் ஆள், முழுச் சாமான், பெட்ரோல் தீர்ந்த நிலை என்று மோசமான கலவையைக் கணக்கில் ஏற்றிப் பார்த்தார். பின் எல்லைக்கு இன்னும் இடம் இருந்தது.

"லித்தியம்னா?" என்று கேட்டார், பழைய ஆசை விடவில்லை. அரிசிப் பையை எடுத்துவிட்டுப் பருப்பை மட்டும் அங்கேயே வைத்தேன். தராசு இறங்கியது. எண்ணைப் பார்த்தார், நோட்டில் எழுதினார், ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு ஐந்து மீட்டர் 2 கேஜ் கேபிளுக்கு ஆர்டர் போட்டுவிட்டதாக மெசேஜ் வந்தது.